எண்ணே எழுத்தான கதை

ஜப்பான் தேசத்துத் தொலைபேசி நிறுவனத்தார் 1968-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரவாசிகளுக்கு ஒரு புதிய கருவியை அறிமுகம் செய்துவைத்தபோது, அது பின்னொரு காலத்தில் பள்ளிக்கூடத்துச் சிறுமியரின் கைப்பொருளாகி, அவர்கள் வாயிலாக உலகத்தார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் முறையிலேயே ஒரு மாறுதலை உண்டாக்கும் என்று அவர்களில் ஒருவரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். சட்டைப்பையில் அடங்கிவிடும் அந்தக் கருவிக்குச் செய்யத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: அதற்கென்று குறித்த எண்ணுக்கு யாரேனும் தொலைபேசி செய்தால் அது ஒலி எழுப்பும். ஒலியைக் கேட்டவர் கைக்காரியத்தை அப்படியே விட்டுவிட்டு, அருகிலுள்ள பொதுத் தொலைபேசியைத் தேடிப் போய், தம் அலுவலகத்தையோ வீட்டையோ அழைத்து, என்ன சமாசாரம் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பேஜர் எனப்பட்ட இதற்கு ஜப்பானியர் ‘பாக்கெட் பெல்’ என்று நாமகரணம் செய்து, அதையும் தங்கள் வழக்கப்படி கத்தரித்துப் ‘பொகெபெரு’ என்று வழங்கினார்கள். ஊர் ஊராக அலையும் விற்பனைப் பிரதிநிதிகளும், அவசரத்துக்கு அழைக்கப்படும் வைத்தியர்களுமே அதைத் தரித்தார்கள்; தரித்தார்கள் என்பதைவிட, மேய்ச்சலுக்கு விடும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுவதுபோல மேலதிகாரிகள் அதை அவர்களுக்குக் கட்டிவிட்டார்கள் என்பதே பொருத்தம்.

கைப்பேசி வந்து நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்ற வழக்கு இன்று வீட்டுக்கு வீடு நடைபெற்று வருகிறது. வாதிகளான பெற்றோரும் உபாத்தியாயர்களும் கருவியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்களே ஒழிய, அந்தக் கருவி கைக்கு வருவதற்கு முன்னால் பிள்ளைகள் யாருடைய காவலில் இருந்தார்கள், வந்த பிறகு யாருடைய காவலுக்கு மாறினார்கள் என்று கேட்பவரைக் காண்பது அரிது. அந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புவோர் 1990-களின் ஜப்பானுக்குப் போவது நலம். ஏனெனில் இன்று உலகம் முழுவதும் நடக்கும் நாடகத்தின் முதல் அங்கம் அங்கேதான், பதினைந்து பதினாறு வயதுப் பெண்களால் அரங்கேற்றப்பட்டது.

1985-இல் ஜப்பானியத் தொலைபேசித் துறை தனியார்மயமாகிப் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது; 1987-இல் எண்களைக் காட்டும் சிறு திரை வைத்த பேஜர் கடைக்கு வந்தது. அழைப்பவர் தம் தொலைபேசியின் பொத்தான்களை அழுத்தி எந்த இலக்கங்களை அனுப்புகிறாரோ அவை மறுமுனையில் திரையில் தோன்றும். எந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும் என்று தெரிவிப்பதற்காகவே இந்த ஏற்பாடு. வியாபாரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் மலிவான சந்தாவில் கிடைத்த இந்தக் கருவி உயர்நிலைப் பள்ளி மாணவியர் கைக்குப் போனதும், திருப்பி அழைப்பது என்ற ஏற்பாட்டையே அவர்கள் ஒதுக்கித் தள்ளிவிட்டு, எண்ணையே செய்தியாக்கிக்கொண்டார்கள். 0840 என்று திரையில் விழுந்தால் ‘ஓஹயோ’, அதாவது காலை வணக்கம். 724106 என்றால் ‘நானி ஷிதெரு’, என்ன செய்துகொண்டிருக்கிறாய்? 3341 என்றால் ‘ஸமிஷீ’, தனிமையாக இருக்கிறது. 14106 என்றால் ‘அய்ஷிதெரு’. இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, அந்த வயதில் எல்லாத் தேசத்துப் பிள்ளைகளும் சொல்ல ஆசைப்பட்டுச் சொல்லாமல் விடுவது எதுவோ அதுதான்.

இந்த வித்தை ஜப்பானிய மொழிக்கு இசைந்து வந்ததற்குக் காரணம் உண்டு. அம்மொழியில் ஒவ்வோர் எண்ணுக்கும் சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு ஒன்றும் நாட்டுச் சொல்லின் உச்சரிப்பு ஒன்றுமாக இரண்டிரண்டு பெயர்கள் வழக்கிலிருப்பதால், 3 என்ற ஓர் இலக்கத்தை ‘ஸ’ என்றும் வாசிக்கலாம், ‘மி’ என்றும் வாசிக்கலாம். 3341-இல் இரண்டு மூன்றுகளும் வெவ்வேறு எழுத்தாக ஒலிப்பது அதனால்தான். சரித்திரப் பரீட்சைக்கு ஆண்டுகளை மனனம் செய்வதற்கும் இதே உபாயத்தைத்தான் அந்நாட்டு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். கியோத்தோ தலைநகரான 794-ஆம் ஆண்டைப் பறவை கூவுவதாக ஒலிக்கும் ஒரு சொல்லாக்கி நெட்டுருப் போடாத ஜப்பானியப் பிள்ளை இல்லை. ஆகவே ‘படிப்பை விட்டுவிட்டுப் பேஜரைக் கட்டி அழுகிறாள்’ என்று பெண்ணைக் கடிந்துகொண்ட தகப்பனார், அந்த வித்தையைப் பள்ளிக்கூடமே அவளுக்குக் கற்பித்து அனுப்பியது என்பதை மறந்துவிட்டார்.

நம்மவருக்கும் இது முற்றிலும் அந்நியமான விஷயமல்ல. கர்நாடக சங்கீதத்தில் எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களுக்குப் பெயரிட்ட பெரியோர் கடபயாதி என்ற முறைப்படி எழுத்துக்குள் எண்ணை ஒளித்துவைத்தார்கள். தீரசங்கராபரணத்தில் ‘தீ’ ஒன்பது, ‘ர’ இரண்டு. புரட்டிப் படித்தால் இருபத்தொன்பதாவது மேளம். மேசகல்யாணி அவ்வாறே அறுபத்தைந்து. நம் வித்வான்கள் எண்ணை எழுத்தாக்கியது ஞாபகத்துக்காக; அந்தச் சிறுமியர் எழுத்தை எண்ணாக்கியது சிநேகத்துக்காக. வேலையின் நுட்பத்தில் ஒன்று உயர்த்தி, மற்றொன்று தாழ்த்தி என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் பிள்ளைகளின் பின்னால் ஓடிவரத் தொடங்கின. கதகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்துக்களையே திரையில் காட்டும் பேஜர்கள் 1990-களின் நடுவில் வந்தன; இரண்டிரண்டு இலக்கம் அழுத்தினால் ஓர் எழுத்து. முதல் இலக்கம் எழுத்து வரிசையைக் குறிக்கும், இரண்டாவது அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதைக் குறிக்கும். தமிழ் வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று போகலாம். ஜப்பானியரின் எழுத்து அட்டவணை அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிரில் தொடங்கி க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று செல்வது. பௌத்த பிக்ஷுக்கள் சம்ஸ்கிருத ஒலியிலக்கணத்தைப் பயின்றதன் பயனாக அமைந்த வரிசை அது. நம் அரிச்சுவடியை அறிந்த குழந்தை எதுவும் அதைக் கேட்டால் தன் வீட்டுப் பாடம் என்றே நினைக்கும். அந்த வரிசைப்படி 11 என்றால் ‘அ’, 21 என்றால் ‘க’. ‘ஓஹயோ’ என்று அனுப்ப 15, 61, 85, 13. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சூத்திரங்களை ஓதிய துறவிகள் ஒழுங்குபடுத்திக் கொடுத்த அட்சரமாலையை, டோக்கியோ ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியில், முழங்காலுக்கு மேல் பாவாடை தரித்த ஒரு பெண் கண்ணால் பாராமலே விரலால் ஜபித்தாள்.

கண்ணால் பாராமலே என்பது அலங்காரமல்ல. ‘பெரு-உச்சி’, அதாவது பெல்லுக்கு எழுத்தடித்தல், என்று அதற்குப் பெயரே வழங்கிற்று. பள்ளி இடைவேளை மணி அடித்ததும் வளாகத்திலுள்ள தொலைபேசியின் முன் வரிசை நிற்கும். ஒருத்தி ஒலிவாங்கியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, தொலைபேசி அட்டையைச் செருகி, தோழியின் எண்ணை அழுத்தி, எழுத்துச் செய்திக்கு அடையாளமாக நட்சத்திரக் குறியையும் 2-ஐயும் இருமுறை தட்டி, பின்னர் நாற்பது ஐம்பது இலக்கங்களை ஒரே மூச்சில் அடித்துத் தீர்ப்பாள். தவறாக ஓர் இலக்கம் விழுந்தாலும் அதற்குப் பின் வருவதெல்லாம் குளறிவிடும். திருத்துவதற்குத் திரை ஏதும் எதிரே கிடையாது. பிறகு அடுத்தவளுக்கு இடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்ப் பதிலுக்காகக் காத்திருப்பாள். பதில் வந்தால் அதற்கு மறுபதில் எழுத வேண்டுமே! ஒரு வார்த்தையும் பேசாமல் தொலைபேசியை உபயோகித்த முதல் தலைமுறை அதுவாகத்தான் இருக்கும். நம் ஊரில் ஒரு காலத்தில் ‘மிஸ்டு கால்’ கொடுத்தே பாதிக் காரியங்களை நடத்தியவர்களுக்கு இந்தச் சாமர்த்தியத்தின் ருசி தெரியும்.

பேசுவதற்கென்றே அமைந்த கருவியில் பேசாமல் இருப்பானேன் என்ற கேள்வி எழலாம். விடை வீட்டுக்குள் இருக்கிறது. ஜப்பானியக் குடும்பத்தின் தொலைபேசி நடைவழியிலோ கூடத்திலோ எல்லோர் காதிலும் விழும்படி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பையன் தன் வகுப்புத் தோழியை அழைத்தால் எடுப்பவர் பெரும்பாலும் அவளுடைய தாயாராகவோ, அதைவிடக் கெட்ட காலமாக இருந்தால் தகப்பனாராகவோ இருப்பார். பெயர் என்ன, எந்தப் பள்ளி, என்ன விஷயம் என்ற விசாரணைகளைக் கடந்து அந்தப் பெண் வந்து பேசினாலும், ‘ஆம்’, ‘இல்லை’, ‘சரி’ என்பதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? டோக்கியோவின் வீடுகள் குறுகியவை. தனி அறை பலருக்கு இல்லை. இருந்தாலும் நடுவே நிற்பது காகிதக் கதவு. கெய்யோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்களின் தொலைபேசிப் பழக்கங்களைக் கூர்ந்து பார்த்து, சகாக்களுடன் 2005-இல் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்ட மானிடவியலாளர் மிஸுகோ இதோ என்பவர் இதைத்தான் வற்புறுத்துகிறார்: வீடு பெற்றோருடையது, பள்ளி ஆசிரியருடையது, தெரு ஊராருடையது, தங்களுக்கென்று ஓர் இடம் இல்லாத வயதினருக்கு அந்த உள்ளங்கை அகலத் திரைதான் சொந்த இடமாயிற்று. பேஜரில் வரும் ஓசையைத் தகப்பனார் கேட்கலாம். ஆனால் 3341 என்ற இலக்கத்தில் அவருக்கு என்ன புரியும்?

1993-இல் ‘பொகெபெரு ஒலிக்கவில்லையே’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து பிரசித்தி பெற்றது. 1996-இல் பேஜர் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. முகம் தெரியாதவருக்குக் குருட்டுவாக்கில் ஓர் எண்ணை அழுத்திச் செய்தி அனுப்பி, பதில் வந்தால் சிநேகம் கொள்ளும் ‘பெரு-தோமோ’ என்ற வழக்கமும் அப்போது பரவியது. ஊரையும் பெயரையும் அறியாத இந்த நட்புகளில் பல குற்றமற்றவை, சில அப்படியல்ல. பின்னாளில் கைப்பேசி வழியாகச் சிறுமியரை வலைவீசிப் பிடிக்கும் கயவர் பெருகியதால் 2003-இல் சர்க்கார் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பெற்றோரின் பயம் வெறும் பிரமை என்று நான் சொல்ல வரவில்லை.

பேஜரின் ஆயுள் அற்பமாகவே முடிந்தது. 1995 ஜூலையில் மலிவான கைத்தொலைபேசிகள் வந்தன. இரண்டொரு ஆண்டுகளில் அவற்றிலேயே எழுத்துச் செய்தி அனுப்ப வசதி ஏற்பட்டது. பேஜரைப் பெரும் ஜனத்திரள் ஏற்றது போலவே பெரும் ஜனத்திரளாகக் கைவிட்டது. கடைசியாக அச்சேவையை நடத்திவந்த டோக்கியோ டெலிமெசேஜ் நிறுவனம் 2019 செப்டம்பர் இறுதியில் அதை நிறுத்தியபோது, அகிஹாபரா ரயில் நிலையத்தருகே ஈமக்கிரியைத் தொழில் செய்வோர் ஒரு கூடாரம் போட்டு, பேஜரின் படத்தை வைத்து மலரஞ்சலிக்கு ஏற்பாடு செய்தார்கள். வந்து வணங்கியவர்கள் நடுத்தர வயதினர். படத்திலிருந்த திரையில் எழுத்து இல்லை, எண்தான் இருந்தது. வந்தவர்களில் அதை வாசிக்கத் தெரியாதவர் இருந்திருக்க மாட்டார்.

ஆனால் அந்தப் பெண்கள் ஏற்படுத்திய பழக்கம் கருவியோடு புதைபடவில்லை. தொலைபேசிச் சேவை நடத்திய டோகோமோ கம்பெனியின் பேஜர் ஒன்றில் சிறிய இருதய வடிவக் குறி ஒன்று இருந்தது. அடுத்து வந்த மாதிரியை உத்தியோகஸ்தருக்கு உகந்ததாகச் செய்யும் உத்தேசத்தில் கம்பெனியார் சீன எழுத்துக்களைச் சேர்த்து இருதயக் குறியை எடுத்துவிட்டார்கள். உடனே பள்ளி மாணவர் கூட்டம் எதிர்க் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டது. இந்தச் சம்பவத்தை மறவாமல் வைத்திருந்தவர் அக்கம்பெனியில் வேலைபார்த்த ஷிகெதகா குரிதா. 1999 பிப்ரவரியில் டோகோமோ ‘ஐ-மோட்’ என்ற கைப்பேசி இணையச் சேவையைத் தொடங்கியபோது, செய்தி ஒன்றுக்கு 250 எழுத்துக்கே இடம் இருந்தது. அத்தனை சுருக்கமான வாக்கியங்களில் கோபமா கேலியா என்று விளங்காமற் போகும் என்று கருதிய குரிதா, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக் கட்டத்துக்குள் 176 சிறு சித்திரங்களை வரைந்து கொடுத்தார். இன்று நம் பாட்டிமார் பேரனுக்கு அனுப்பும் இருதயமும் சிரித்த முகமும் அந்த வம்சத்தில் வந்தவை. நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை 2016-இல் அந்த 176 சித்திரங்களையும் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது. பெயர்ப் பலகையில் குரிதாவின் பெயர் இருக்கும். எதிர்க் கம்பெனிக்குப் போன பெண்களின் பெயர் இராது.

பேஜருக்கு வரிசையில் நின்றவர்கள் இப்போது ரயிலில் நின்றுகொண்டு எழுதினார்கள். ஜப்பானிய மாணவர்கள் ரயிலேறிப் பள்ளிக்குப் போகிறவர்கள். அந்நாட்டு ரயில் பெட்டியில் கைப்பேசியில் உரக்கப் பேசுவது மரியாதைக் குறைவு என்பது ஒலிபெருக்கியில் ஓயாது அறிவிக்கப்படும் ஆசாரம். வாய் திறக்கக்கூடாது என்ற விதி கட்டைவிரலுக்கு வேலை கொடுத்தது. அதிலிருந்து இன்னோர் ஆசாரமும் கிளைத்தது: திடீரென்று ஒருவரை அழைத்துப் பேசுவது முரட்டுத்தனம், ‘இப்போது பேசலாமா?’ என்று முதலில் எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே அழைக்க வேண்டும். பெரியோர்களுக்கு மரியாதை செய்யத் தெரியவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட தலைமுறைதான், பெரியோர்கள் ஒருநாளும் எண்ணிப் பாராத இந்த மரியாதையைக் கண்டுபிடித்தது.

அப்படியானால் அவர்கள் சுகப்பட்டார்களா? இங்கேதான் கதை திரும்புகிறது. மிஸுகோ இதோவும் அவர் சகாக்களும் மாணவர்களைத் தங்கள் செய்திகளுக்குக் குறிப்பேடு வைக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தபோது, அவற்றில் செய்தி என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பமாக இருந்தது. இப்போது நடந்துகொண்டிருக்கிறேன், குளிக்கப் போகிறேன், படுக்கப் போகிறேன் என்பவையே ஏராளம். அருகில் இல்லாதவரை அருகில் வைத்துக்கொள்ளும் உபாயம் அது. நெருங்கிய சிலருக்குள், பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு வட்டத்துக்குள், காலை எழுந்தது முதல் கண் மூடுவது வரை இது நடந்தது. வட்டத்திலிருப்பவர் எழுதினால் உடனே பதில் எழுதியாக வேண்டும். தாமதித்தால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். குளியலறைக்குப் போகும்போதும் கருவியைக் கொண்டு போனவர்கள் உண்டு. கூடத்துத் தொலைபேசியில் தகப்பனார் வைத்த காவல் இரவு பத்து மணியோடு முடிந்தது. தோழமை வைத்த காவலுக்கு அந்த மணிக்கணக்கும் கிடையாது. பிள்ளைகளைப் பாதித்தது கண்ணைக் கெடுக்கும் திரையோ கையைக் கெடுக்கும் பொத்தானோ அல்ல, இந்தக் காவல் மாற்றம்தான் என்பது என் துணிபு. முதற் காவலை எதிர்த்துக் கலகம் செய்யலாம். தானே விரும்பி ஏற்ற சிநேகிதத்தை எதிர்த்து யார் கலகம் செய்வது?

உடனே பதில் வராவிட்டால் மனம் துடிப்பது நவீன வியாதி என்று பேசுகிறவர்கள் ஜப்பானியரின் பழைய இலக்கியத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹெய்யான் காலத்து அரசவையில், ஒரு பிரபு தன் காதலியின் மாளிகையில் இரவு தங்கி விடியுமுன் விடைபெற்றுச் சென்றால், அன்று காலையிலேயே அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பியாக வேண்டும். காகிதத்தின் நிறமும், கையெழுத்தின் நெளிவும், அதனோடு கட்டி அனுப்பிய மலர்க்கொம்பும் பார்த்து அவன் தரத்தை எடைபோடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அது எத்தனை சீக்கிரம் வந்தது என்று பார்ப்பார்கள். வெயில் ஏறியும் தூதன் வராவிட்டால் அந்த மாளிகையில் தோழிமார் முகங்கூட வாடிவிடும். கடிதத்தின் பொருள் அநேகமாக ஒரு சிறு கவிதை. அதில் தகவல் ஒன்றும் இராது. முரஸகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்ஜி கதை’ முழுவதும் இப்படிப்பட்ட கடிதப் போக்குவரத்துத்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசவையில் அந்தத் துன்பம் சில நூறு பேருக்கு, எப்போதோ ஒரு காலைக்கு வாய்த்தது. கைப்பேசி அதைப் பல லட்சம் பிள்ளைகளுக்கு மணிக்கு மணி வாய்க்கச் செய்தது.

2003-இல் நொபுவோ மஸதகா என்ற வானர நூல் வல்லுநர் ‘கைப்பேசி ஏந்திய குரங்கு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூலைப் பிரசுரித்தார். ஜப்பானிய இளைஞர்கள் மனிதத்தன்மையைத் துறந்து வானர நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். மந்தையைவிட்டு விலகாதிருக்கக் குரங்குகள் அடிக்கடி குரல் கொடுத்துக்கொள்வது போலவே இவர்களும் பொருளற்ற செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்றார். புத்தகம் நன்றாக விற்றது. பிள்ளைகளைக் குரங்கு என்று ஒரு பேராசிரியர் சொல்லக் கேட்பதில் பெற்றோருக்கு ஒரு திருப்தி இருக்கத்தானே செய்யும். எனக்கு என்னவோ அந்த உவமையில் இழிவு ஒன்றும் தென்படவில்லை. ‘சாப்பிட்டாயா?’ என்று தினமும் மகனைக் கேட்கும் தாய் விடையை அறியவா கேட்கிறாள்?

பொருளற்றவை என்று ஒதுக்கப்பட்ட அந்தத் திரைகளில் ஒரு விபரீதமும் நிகழ்ந்தது. கைப்பேசியிலேயே எழுதி, கைப்பேசியிலேயே அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, கைப்பேசியிலேயே வாசிக்கும் நாவல்கள் முளைத்தன. எழுதியவர்களில் பலர் இளம் பெண்கள். மிகா என்ற புனைபெயரில் எழுதப்பட்டு 2006-இல் அச்சேறிய ‘கொய்ஸோரா’ லட்சக்கணக்கில் விற்று அடுத்த ஆண்டே திரைப்படமாயிற்று. 2007-இல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து இவ்வாறு பிறந்தவை. வாக்கியங்கள் முறிந்தவை, வருணனை இல்லை, கதை முழுவதும் காதலும் கருச்சிதைவும் மரணமும் என்று விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கக் காரணமும் இருந்தது. ஆனால் 2008-இல் ‘பர்ப்பிள்’ என்ற பெயரில் இத்தகைய நாவல் ஒன்றை எழுதியவர் யார் என்று வெளிப்பட்டபோது அவர்கள் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். ‘கெஞ்ஜி கதை’யை முழுவதும் தற்கால ஜப்பானியத்தில் பெயர்த்தளித்த பௌத்த பிக்ஷுணி, நாவலாசிரியை ஸெதோவுச்சி ஜகுச்சோ அவர். அப்போது அவருக்கு வயது 86.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. பள்ளிகளின் பெயரால் மாணவர்கள் ரகசியமாக நடத்திய இணையப் பலகைகளில் சக மாணவரை வசைபாடுவது பெருகிற்று. 2008-இல் கல்வி அமைச்சகம் கணக்கெடுத்தபோது அத்தகைய பலகைகள் 38,000-க்கு மேல் அகப்பட்டன. அவ்வாண்டே பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் கைப்பேசிகளில் தீய தளங்களை வடிகட்டக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. டிசம்பரில் ஒஸாகா மாகாண ஆளுநர் தோரு ஹஷிமோதோ பொதுப் பள்ளிகளில் கைப்பேசிக்குத் தடை என்று முழங்கினார். 2009 ஜனவரியில் கல்வி அமைச்சகம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குக் கைப்பேசி கொண்டுவரலாகாது என்பதைப் பொதுவிதியாக்கிச் சுற்றறிக்கை அனுப்பியது.

விதி பள்ளி வாசலோடு நின்றது, காவல் நிற்கவில்லை. 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கி மூன்று மாதத்துக்குப் பின் ‘லைன்’ என்ற செய்திச் செயலி வெளிவந்தது. அனுப்பிய செய்தியை மறுமுனையிலுள்ளவர் திறந்துவிட்டார் என்று காட்டும் குறி ஒன்று அதில் இருந்தது. ஆபத்துக் காலத்தில் பதில் எழுத முடியாதவரும் உயிரோடிருக்கிறார் என்று வீட்டார் அறிந்துகொள்ள உதவும் என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். இத்தனை கருணையுள்ள ஏற்பாடு வகுப்பறைக்குள் புகுந்ததும், ‘படித்துவிட்டு ஏன் பதில் போடவில்லை?’ என்ற குற்றப் பத்திரிகையாக மாறிவிட்டது. முன்பெல்லாம் பார்க்கவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லலாம். அந்தப் பொய்க்கும் இப்போது இடம் இல்லை. செய்தியைத் திறக்காமலே முன்வரியை மட்டும் எட்டிப் பார்க்கும் தந்திரங்களைப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். ஐச்சி மாகாணத்துக் கரியா நகரத்தார் 2014 ஏப்ரலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளின் கைப்பேசியைப் பெற்றோர் வாங்கி வைத்துவிடும்படி வேண்டுகோள் விடுத்தார்கள். இதைக் கொடுமை என்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. ‘அப்பா பிடுங்கிவிட்டார்’ என்று மறுநாள் சொல்லிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு இது எத்தனை பெரிய சௌகரியம் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. தப்பி ஓடிய காவலிலேயே அவள் அடைக்கலம் புக வேண்டியதாயிற்று.

ஒஸாகா ஆளுநர் தடை முழங்கிப் பத்தாண்டு கழிந்தது. 2018 ஜூன் மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒஸாகாவில் பூமி அதிர்ந்தது. ரயில்கள் நின்றன, பிள்ளை எங்கே நிற்கிறது என்று எந்த வீட்டுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கைப்பேசி வீட்டு மேஜைமேல் இருந்தது. தடையை முதலில் முழங்கிய அதே ஒஸாகா, 2019-இல் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர இசைவு தரும் நெறிமுறையை முதலில் வகுத்தது. கல்வி அமைச்சகமும் 2020 ஜூலையில் நடுநிலைப் பள்ளிகளுக்குத் தன் சுற்றறிக்கையைத் தளர்த்தி, சில நிபந்தனைகளை விதித்தது. பள்ளியில் கருவியை எங்கே வைப்பது, தொலைந்தால் யார் பொறுப்பு, வடிகட்டி பொருத்தியிருக்க வேண்டும் என்பன போன்றவை எதிர்பார்க்கத் தக்கவையே. எதிர்பாராதது, உபயோக விதிகளைப் பள்ளியும் பெற்றோரும் மட்டுமன்றி மாணவர்களும் கூடி யோசித்து வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. தொலைபேசிச் சாவடியில் நாற்பது இலக்கங்களை ஒரே மூச்சில் அடித்த பெண்களை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கு 2020-இல் நாற்பது வயதாகிவிட்டது, அந்தக் கூட்டத்துக்கு அவர்களில் பலர் தாயார் என்ற ஹோதாவில் போக வேண்டியிருந்தது.